டியூப் வளையத்துக்குக் கீழே பச்சைப் பட்டன்

தாமரைச்செல்வி பிறந்தது மலையடிவாரத்தில், பேளுக்குறிச்சிப் பக்கம். கால்நடை மருத்துவர் பூபாலனுக்குக் கழுத்தை நீட்டியதில், அவருக்கு மாற்றல் வந்த கொல்லிமலைக்கு, மலைக்காரர்கள் 'நாடு' என்று சொல்லும் ஊர்த்தொகுதிகளில் ஒன்றான ஆலத்தூர் நாட்டில் ஓர் அரசாங்கக் குடியிருப்புக்குக் குடிவந்து சேர்ந்தாள். மலைக்குப் போனால் வேலை போய்விடும் என்று பயந்துகொண்டேதான் ஏறினாள். போகவில்லை. நாமக்கல்லில் ஒரு சின்னக் கம்பெனி செல்போன் செயலிகள் செய்கிறது. அவை ஜனங்கள் கைக்குப் போகும் முன்னால் சோதித்துப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது அவள் உத்தியோகம். அதை வீட்டிலிருந்தே செய்யலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

"குறை சொல்றதுக்குச் சம்பளமா? ஊட்ல இத்தன நாளும் எனக்குச் சும்மாவே செஞ்சுட்டு இருந்தியே!" என்றார் பூபாலன். அன்றைக்கு அவருக்குக் காபி கொஞ்சம் தாமதமாகத்தான் கிடைத்தது.

எமுலேட்டரை முதன்முதலாகப் பார்த்தபோது அவளுக்கு வந்த பிரமிப்பு இன்னும் போன பாடில்லை. இல்லாத போனை இருக்கிற போனாக லேப்டாப் திரைக்குள் நிறுத்திவைக்கும் மென்பொருள் அது. உள்ளங்கைக்குள் அடங்கும் போன், பலகை அகலப் போன், புத்தகம் மாதிரி மடிக்கிற போன் என்று கடையில்கூடத் தொட்டுப் பார்க்காதவை எல்லாம் அவள் கூப்பிட்டால் வந்து நிற்கும். சாய்த்தால் சாயும். சிக்னலைக் குறைத்தால் தவிக்கும். நீ இப்போது டெல்லியில் இருக்கிறாய் என்று சொன்னால் அதையும் நம்பிவிடும். ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வந்து கொடியில் கிடக்கும் துணியை ஈரமாக்கிக்கொண்டிருக்கும்போது, உலகத்துப் போன்களை எல்லாம் இந்த ஓட்டு வீட்டில் உட்கார்ந்து மேய்க்கிறோமே என்று அவளுக்குப் புல்லரிக்கும்.

அப்படி அவள் சோதித்ததில் ஒன்று, மலையில் மாடு வைத்திருப்பவர்களுக்கான செயலி. அதில் ஒரே ஒரு பச்சைப் பட்டன், 'டாக்டரைக் கூப்பிடு' என்று. மலையில் பேசுவதற்குச் சிக்னல் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆனால் இந்தப் பட்டனை ஒரு தடவை அமுக்கிவிட்டால் போதும். துளி சிக்னல் தலைகாட்டினாலும் தகவல் இடத்தோடு டாக்டர் போனுக்குப் போய்விடும். எல்லா அளவுத் திரையிலும் ஓட்டிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று அவள்தான் எழுதிக் கொடுத்தாள். அந்த டாக்டர் தன் வீட்டுக்காரர் என்பதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம், பூபாலனுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு மருந்தகத்துக்குப் போனாள். குண்டூர் நாட்டுக் கண்ணாயி அங்கே நின்றிருந்தாள். இரண்டு மாடுகளை வைத்துப் பிழைக்கிறவள். முந்தின வாரம் ஒரு மாடு கன்று போட முடியாமல் திணறி, தாயும் கன்றும் சேர்ந்து போய்விட்டன. மிச்சமிருப்பதும் நிறைசினை.

"நான் அமுத்துனேனுங்க," என்றாள் கண்ணாயி. "சாமி சத்தியமா அமுத்துனேன். நீங்க வரவே இல்லீங்க."

"எனக்கு ஒண்ணுமே வரலியேம்மா. வந்திருந்தா ஓடி வந்திருக்க மாட்டனா?" என்றார் பூபாலன். அவர் குரலில் கோபமில்லை. ஆனால் நம்பவும் இல்லை.

தாமரைச்செல்விக்குக் கையில் இருந்த சாப்பாட்டுத் தூக்குப்போசி கனத்தது. "ஏனுங்க்கா, அந்தப் போனைக் கொஞ்சம் காட்டுங்க."

கண்ணாயி இடுப்பிலிருந்து எடுத்தாள். சின்னப் போன். மழைக்கு ஒதுக்கமாக, உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு, வாயை மடக்கி, சைக்கிள் டியூபில் வெட்டிய அகலமான வளையத்தைக் கீழ்ப்பக்கம் இறுக்கி மாட்டியிருந்தாள். மலையில் பாதிப் போன்கள் இந்தக் கோலத்தில்தான் இருக்கும். போன மழைக்காலத்தில் ஈரக்கையோடு கவரைப் பிரித்து ஒரு போனைப் பறிகொடுத்தவள் அவள். அதனால் தொடுவது, அமுக்குவது எல்லாம் கவருக்கு மேலேதான்.

"இப்ப அமுத்திக் காட்டுங்க்கா."

வளையத்துக்கு மேலே பச்சை ஒரு கோடாகத் தெரிந்தது. கண்ணாயி அதைப் பார்த்து, பட்டன் இருக்கும் இடத்தில் சரியாகக் கட்டை விரலை வைத்து அழுத்தினாள். விரல் டியூபின் மேல் இருந்தது. ரப்பருக்குக் கீழே போனுக்கு ஒன்றும் தெரியவில்லை.

எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பூபாலன் கையில் தூக்குப்போசியைத் திணித்துவிட்டுத் தாமரைச்செல்வி வீட்டுக்கு ஓடினாள். எமுலேட்டரில் அதே சின்னப் போனை வரவழைத்து, லேப்டாப் திரையில் அதன் அடிப்பக்கத்தின் மேல் வளையத்தின் அகலத்துக்குக் கறுப்பு டேப்பை ஒட்டினாள். பச்சைப் பட்டன் உள்ளே ஒளிந்துகொண்டது. நீளமான போன்களில் பட்டனுக்குக் கீழே தாராளமாக இடம் இருந்தது, தப்பித்தது. குள்ளப் போன்களில் அது அடிமட்டத்துக்குத் தள்ளப்பட்டிருந்தது. மலையில் யார் கையில் நீளப் போன் இருக்கிறது?

நாமக்கல்லில் செயலிக்குப் பொறுப்பான வேல்முருகனைக் கூப்பிட்டாள். சிக்னலுக்காகத் தண்ணீர்த் தொட்டி மேட்டில் குடையோடு நின்றாள்.

"எமுலேட்டர்ல எல்லாமே பாஸ் ஆயிருக்கேங்க, நீங்கதான பாத்தீங்க?"

"எமுலேட்டர்ல மழை பேயறதில்லீங்க. அதைய நாந்தான் நெனச்சிருக்கோணும்."

டேப் ஒட்டிய லேப்டாப்பைப் படம் எடுத்து அனுப்பினாள். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள். "பட்டனை மேல ஏத்திடறேனுங்க," என்று மட்டும் சொன்னார். ஏற்றியும் விட்டார். திரையின் மேல்பாதி முழுக்கப் பச்சை. டேப்பை எடுக்காமலே ஒவ்வொரு போனாக மறுபடி ஓட்டிப் பார்த்தாள். பிறகு பூபாலனோடு குண்டூர் நாடு போய்ப் புதுச் செயலியைக் கண்ணாயி போனில் ஏற்றிக் கொடுத்தாள். கண்ணாயி வாங்கிக் கவருக்குள் போட்டு வளையத்தை மாட்டினாள். பழைய பட்டன் கொன்றதைப் புதுப் பட்டனா திருப்பித் தரப்போகிறது?

சில நாள் கழித்து, விடாத தூறலில் ஒரு காலை, பூபாலனின் போன் கத்தியது. திரையில் கண்ணாயி பெயர், குண்டூர் நாடு. பூபாலன் பையைத் தூக்கினார். "நானும் வாரேனுங்க," என்று அவளும் வண்டியில் தொற்றிக்கொண்டாள். அமுக்கியது எப்போதோ, சிக்னல் கிடைத்தது எப்போதோ, அது தெரியாமல் வழியெல்லாம் அவளுக்கு உயிரே இல்லை.

மாடு படுத்துக் கிடந்தது. கன்றின் ஒரு முன்னங்கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இன்னொன்று உள்ளே மடங்கிவிட்டது. பூபாலன் சட்டையைக் கழற்றிப் போட்டு, தோள் வரைக்கும் கையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு தேடினார். வீட்டில் சாவியைத் தேடத் தெரியாத மனுஷன் உள்ளே மடங்கிய காலைத் தேடிப் பிடித்து நிமிர்த்தினார். பிறகு கண்ணாயியும் சேர்ந்துகொள்ள, மூன்று பேரும் இழுத்தார்கள். கன்று வழுக்கிக்கொண்டு வந்து வைக்கோலில் விழுந்தது, ஆவி பறக்க. அசையவில்லை. பூபாலன் மூக்கைத் துடைத்து, நெஞ்சைத் தேய்த்தார். தும்மியது.

தாமரைச்செல்வி அழுதாள். எத்தனையோ போன்களைப் பிறக்க வைத்து, அணைத்து, மறுபடி பிறக்க வைத்தவள்தான். இந்த ஒரு தும்மலுக்கு முன்னால் கைகூப்பத்தான் தோன்றியது.

தாய்மாடு கன்றை நக்கத் தொடங்கியது. கண்ணாயி இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். கவரும் வளையமும் அப்படியே இருந்தன; மேலே பச்சை பளிச்சென்று தெரிந்தது. அதைப் பூபாலனிடம் நீட்டினாள்.

"போன தடவையும் அமுத்துனேனுங்க டாக்டரு," என்றாள்.

"தெரியும்மா," என்றார் பூபாலன்.