மோட்டார் கொட்டகையின் பூட்டு

அஞ்சலை அக்காவைக் கொன்றது ஒரு பூட்டு. சூறைக்காற்று என்று தாலுகா ஆபீஸ் தாளில் எழுதியிருக்கிறது. அது பொய்.

நைனார்பாளையம் காலனியில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. களையெடுப்புக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப்போகிறவர். பள்ளி விடுமுறைகளில் நானும் அவர் பின்னால் களைக்கொத்தோடு போனவன்தான். அன்று சாயங்காலம் தியாகதுருகத்தில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். அக்காவோடு களைக்குப் போயிருந்த பார்வதி போன் செய்தாள். "அக்கா போயிடுச்சு தம்பி. தகரம் அறுத்துப் போட்டுச்சு."

மரவள்ளிக் கொல்லையில் ஆறு பெண்கள். மதியத்துக்கு மேல் வானம் கறுத்தது. காற்று சுழன்றுகொண்டே வந்தது. பனையை முறித்தது, கரண்ட் கம்பத்தைச் சாய்த்தது, மரவள்ளியை வேரோடு பிடுங்கி முகத்தில் அடித்தது. ஒதுங்க அங்கே இருந்தது முதலாளியின் மோட்டார் கொட்டகை ஒன்றுதான். கான்கிரீட் கூரை. பூட்டியிருந்தது. மற்ற ஐந்து பேரையும் வாய்க்காலில் குப்புறத் தள்ளிவிட்டு அக்கா களைக்கொத்தால் பூட்டை அடித்தார். அடித்துக்கொண்டே இருந்தார். எங்கோ பிய்ந்த மாட்டுக்கொட்டகைத் தகரம் பறந்து வந்து கழுத்தில் பாய்ந்தது. ரத்தம் கதவெல்லாம் தெறித்தது. கொட்டகையில் ஒரு கீறல் இல்லை. உள்ளே மோட்டார் நனையவில்லை.

முந்தைய ஐப்பசியில் இடி இடித்தபோது அதே கதவோரம் யூரியா சாக்கைத் தலையில் மாட்டிக்கொண்டு நின்றோம். மழைக்காலத்தில் சாவியை ஆணியில் மாட்டிவைக்கும்படி அக்கா முதலாளியிடம் கேட்டார்.

"உள்ள ஒயரு கெடக்குது. காணாப்போனா?"

"உங்க களத்து நெல்லு மொத்தம் நாங்கதான் அள்றோம். அது காணாப்போச்சுங்களா?"

"நீங்கல்லாம் பூந்துட்டுப் போனா, அப்புறம் எங்க வூட்டு ஆளுங்க எப்படி அங்க படுக்கறது?"

அக்கா எங்கள் பக்கம் திரும்பினார். "மோட்டாருக்கு ஜல்பு புடிக்குமாம்டி. நாம நனைவோம்."

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அன்றைக்கே உடைத்திருக்க வேண்டும்.

அக்காவின் களைக்கொத்து இப்போது என்னிடம் இருக்கிறது. பூட்டில் மோதி அதன் வாய் மடங்கிவிட்டது. நான் அதை நிமிர்த்தப் போவதில்லை. கொட்டகையில் புதுப் பூட்டு தொங்குகிறது. பார்வதியும் மற்றவர்களும் திங்கட்கிழமை அதே கொல்லைக்கு இறங்குகிறார்கள்.

கருமாதிக்கு முதலாளி மாலையோடு வந்தார். களைக்கொத்தும் கையுமாக எதிரில் போய் நின்றேன்.

"மாலை வேணாங்க. சாவியக் குடுங்க."

அவர் என்னைத் தாண்டிப் போய்ப் படத்துக்கு மாலை போட்டார். கோணலாக இருந்ததைச் சரிசெய்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். காலனியே பார்த்துக்கொண்டிருந்தது.

"உங்களத்தாங்க கேக்கறேன். சாவியக் குடுங்க!"