பெருமாள் புறப்பாட்டுக்கு முன்னால்

அப்பா போய்விட்டார் என்று போன் செய்தபோதே அண்ணா சொல்லிவிட்டான். "சீக்கிரம் கிளம்பு. சாயங்காலம் புறப்பாடு இருக்கு. அதுக்குள்ள அப்பாவை எடுத்தாகணும்."

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீடு கோயில் வீதியில். வீதியில் உடல் கிடந்தால் பெருமாள் வெளியே வரமாட்டார். அதுவும் வைகாசி உற்சவம், ஊரே காத்திருக்கும். எனக்கு அப்பாவின் முகத்தை ஒருமுறை பார்த்து, ஒரு பிடி வாய்க்கரிசி போடவேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

சென்னையிலிருந்து காரில் கிளம்பினோம். அப்போதுதான் என் கணவர் ஜிபிஎஸ் பெட்டி ஒன்றை வாங்கி முன்கண்ணாடியில் ஒட்டியிருந்தார். அதற்குள்ளிருந்து ஒரு மகராசி இங்கிலீஷில் வழி சொல்லிக்கொண்டே வருவாள். ஊருக்குள் நுழைந்ததும் சவுக்குக் கட்டை கட்டித் தெருவை மறித்திருந்தார்கள்.

"வண்டி போவாதுமா. சாமி வர்ற ரோடு," என்றார் போலீஸ்காரர்.

"ஏன்னா, இறங்கி நடந்துடலாம்," என்றேன்.

"இந்தக் கூட்டத்துலயா? கார்ல ஆறே நிமிஷம்னு காட்டறது பாரு."

வண்டியைத் திருப்பினார். மகராசி ஒரு சந்தில் விட்டாள், இன்னொரு சந்தில் விட்டாள், சுற்றிச் சுற்றி அதே கட்டைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். அப்போதும் ஆறு நிமிஷம்தான். அவளுக்கென்ன, வானத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவாள். பிறந்து வளர்ந்த ஊரில் எனக்கு வழி தெரியாதா? பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னாமா, இங்கயே சுத்திக்கினு இருக்கீங்க?"

"எங்கப்பா போயிட்டார்யா!" என்று கத்தினேன்.

அவர் முகம் மாறியது. "இத முன்னாடியே சொல்றதில்லையாமா? எறங்கி ஓடுமா."

ஓடினேன். வீதி முனையில் திரும்பும்போது நாதஸ்வரம் கேட்டது. தலைகளுக்கு மேலே பெருமாளின் குடை தெரிந்தது. என் கால் அங்கேயே நின்றுவிட்டது. பெருமாள் வீதிக்கு வந்துவிட்டார் என்றால் அப்பா வீதியில் இல்லை. யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சுற்றிலும் எல்லோரும் கைகூப்பினார்கள். நான் கூப்பவில்லை. அவர்மேல் அவ்வளவு கோபம்.

ஒவ்வொரு வாசலிலும் நின்று ஆரத்தி வாங்கிக்கொண்டவர், எங்கள் வாசலில் நிற்காமல் போனார்.

அம்மா கூடத்தில் இருந்தாள். "வாசலையே பாத்துண்டிருந்தோம்டி. இதுக்கு மேல முடியாதுன்னுட்டா. உன் பங்கு அரிசியையும் நானே போட்டேன்."

கூடத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள். "எங்கம்மா படுக்க வெச்சிருந்தேள்?" என்று கேட்டேன். அம்மா கையைக் காட்டினாள். அந்த ஈரத்தில் போய் உட்கார்ந்தேன்.