விறகுக் கொட்டிலில் இருந்த முயல்

தலவாக்கலைக்குப் பக்கத்தில், பழைய தோட்ட பங்களா ஒன்றில் நடந்துவந்த தனியார் ஆய்வுகூடம் அது. தேயிலைச் சாற்றில் செய்த தோல் மருந்தை முயல்களின் முதுகில் தடவிச் சோதித்தார்கள். விலங்குகளை ஒழுங்காக வைத்திருக்கிறார்களா என்று பார்க்க அரசாங்கத்திலிருந்து இரண்டு பேர் போனோம். ஒருவர் கொழும்பிலிருந்து வந்த என் மேலதிகாரி. மற்றவள் மிருக வைத்தியரான நான். வாயில்லாச் சீவன்களுக்காகப் பேச ஓர் ஆள் வேண்டும் என்று ஆசைப்பட்டு இந்த வேலைக்கு வந்தவள்.

போனதுமே எனக்கு எரிச்சல் வந்தது. சுவரெல்லாம் புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள், சுண்ணாம்பு வாசம்கூடப் போகவில்லை. நாள் சொல்லிவிட்டுப் போய்ப் பார்த்தால் வேறென்ன கிடைக்கும்? நான் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவள். தோட்டத்துப் பெரிய துரை வருகிறார் என்றால் எங்கள் லயத்துக்கும் இப்படித்தான் வெள்ளையடிப்பார்கள். அவர் கண்ணில் படக்கூடாத ஆடும் கோழியும் அன்றைக்கு மட்டும் விறகுக் கொட்டிலுக்குள் போய்விடும்.

கூடுகள் காலியாக, பளிச்சென்று இருந்தன. சோதனை முடிந்துவிட்டது, முயல்களையெல்லாம் முறைப்படி ஊசி போட்டு உயிரை முடித்துவிட்டோம் என்றார் மனேஜர். மேலதிகாரி கூட்டின் அகலத்தை அளந்து, திருப்தியாகத் தலையாட்டினார். நான் பின்பக்கம் நடந்தேன்.

அங்கே ஒரு விறகுக் கொட்டில். உள்ளே, கவிழ்த்து வைத்த கொழுந்துக் கூடையைத் தூக்கினேன்; அடியில் ஒரு வெள்ளை முயல் முட்டைக்கோவா இலை தின்றுகொண்டிருந்தது. மழித்த முதுகில் புது மயிர் முளைத்திருந்தது. கூடு கழுவித் தீனி போடும் அக்கா பதறிக்கொண்டு ஓடி வந்தார்.

“செத்துப் போச்சுன்னு சொல்லிட்டு நாந்தாங்க மிஸ் எடுத்து வச்சேன். புண்ணெல்லாம் ஆறிருச்சு. பாருங்க, எப்புடித் திங்குதுன்னு.”

கூடையை மறுபடி கவிழ்த்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் மேலதிகாரியும் மனேஜரும் எனக்குப் பின்னாலேயே வந்து நின்றார்கள். மனேஜர் அக்காவைத் திட்ட ஆரம்பித்தார். மேலதிகாரி அவரை அடக்கிவிட்டு, என்னிடம் சிங்களத்தில் நிதானமாகச் சொன்னார். சோதனை மருந்து பட்ட விலங்கு வெளியே போகக்கூடாது, போனால் யாராவது அறுத்துத் தின்றுவிடலாம், இப்போதே முடித்துவிடு. இங்கேயே கூட்டில் வளரட்டுமே என்று கெஞ்சிப் பார்த்தேன். சோதனைக்குக் கொடுத்த அனுமதியில் அதற்கு இடமில்லை என்றார். அவர் கெட்ட மனிதரில்லை. அதனால்தான் இன்றும் எனக்கு ஆத்திரம் ஆறவில்லை.

அக்காவிடம் நான்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது.

“யாரு மிஸ் திங்கப்போறா? எங்க வீட்டுல கவுச்சியே ஆக்குறதில்லைங்க.” பிறகு அவர் குரல் தாழ்ந்தது. “அதுகள யாரும் வதைக்கக்கூடாதுன்னு பாக்கத்தானே நீங்க வர்றீங்கன்னு சொன்னாங்க?”

பெட்டியைத் திறந்து ஊசியில் மருந்தை ஏற்றினேன். மனேஜர் முயலைத் தூக்கினார். அது உதைத்து, அவர் கையைக் கீறிவிட்டு விறகுக்குள் ஓடி ஒளிந்தது. குச்சியால் குத்தி வெளியே தள்ளப் பார்த்தார். அக்கா அவரை விலக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்து, நாக்கைத் தட்டி ஒரு சத்தம் எழுப்பினார். முயல் தானாக வந்து அவர் மடியில் ஏறியது.

“நானே புடிச்சிக்கிறேன்,” என்று சேலைத் தலைப்பால் அதன் கண்ணை மூடினார். “சுருக்கா குத்துங்க மிஸ். அது பயப்படாம இருக்கையிலேயே குத்திருங்க.”

குத்தினேன். அவர் மடியில் இருக்கிற தைரியத்தில் அது அசையவே இல்லை.