ஆகுமா என்று கேட்பவர்

திட்டக் காகிதம் எது வந்தாலும் 'வலுவூட்டல்' என்ற சொல்லைத்தான் நெஸ்டா மேனூ முதலில் அடிப்பார். அடுத்து 'விழிப்புணர்வு'. அப்புறம் 'முழுமையான', 'பன்முக', 'நிலைத்த' என்று சிவப்புப் பேனா கீழே இறங்கிக்கொண்டே போகும். பக்கம் முடியும்போது மிஞ்சியிருப்பவை சில ஊர்ப் பெயர்களும் ஒரு கப்பலின் பெயரும்தான். காகிதத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்து, "இப்பதான் இது ஏதோ சொல்லுது" என்பார்.

தீவு நாட்டுத் தலைநகரான ஹொனியாராவில், சீனர் ஒருவரின் ஹார்டுவேர் கடைக்கு மேல்மாடியில் இயங்கும் குழந்தை உரிமை அமைப்பு ஒன்றில் அவருக்கு வேலை. ஜெர்மனியிலிருந்து பணம் வரவேண்டுமானால், திட்டம் நடக்கக்கூடியதுதானா என்று முன்கூட்டியே வெளியாள் ஒருவரை வைத்து ஆராய்ந்து பார்க்க வேண்டும் என்பது விதி. அந்த ஆளைத் தேடிப் பிடித்து, எதையெதைப் பார்க்க வேண்டும் என்று பணி வரையறை எழுதிக் கொடுத்து, கப்பலேற்றி அனுப்பி, அவர் எழுதி வருவதை வாங்கி வைப்பது நெஸ்டாவின் பொறுப்பு. பல வருஷங்களாகச் செய்கிறார். வெகுகாலம் அவர் வாங்கி வைத்த எந்த ஆய்வும் 'ஆகாது' என்று சொன்னதில்லை. 'ஆகும், சில நிபந்தனைகளோடு' என்றுதான் எல்லாம் முடியும். நிபந்தனைகள் பின்னிணைப்பில் இருக்கும். பின்னிணைப்பை யாரும் அச்செடுப்பதில்லை.

ஐம்பதைத் தாண்டிய பெண்மணி, மலைட்டாத் தீவுக்காரர், தோள் அகலம். அலுவலகத்தில் பாக்குக்குத் தடை என்பதால் ஆய்வாளர்களுக்கான நேர்காணலைக் கீழே மரத்தடியில் பாக்கு விற்கும் மேசைக்கு மாற்றிக்கொண்டார். கவிழ்த்த பெட்டியில் வந்தவரை உட்கார வைத்து, சுண்ணாம்பைத் தொட்டுக்கொண்டே கேட்பார்: "எந்தக் கப்பல்ல போவீங்க? எங்க படுப்பீங்க? மத்தியானம் யார் வீட்டுல சாப்பாடு?" பிரிஸ்பேனிலிருந்து வந்த ஒருவர், தன் ஆய்வுமுறையை விளக்கத் தொடங்கினார். "அது கெடக்கட்டும், நீச்சல் தெரியுமா?" என்றார் நெஸ்டா. அவர் மறுநாள் விமானத்தில் திரும்பிவிட்டார்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் வந்தது கடலோரக் கிராமங்களுக்கான திட்டம். மலைட்டாவின் மேற்குக் கரையில் ஊருக்கு ஊர் பிள்ளைகள் குழு. அடி, உதை, பள்ளியை நிறுத்துவது, எது நடந்தாலும் பிள்ளைகளே எழுந்து புகார் சொல்லப் பயிற்சி. இயக்குநர் காஸ்பர் இதற்காக இரண்டு வருஷம் ஓடியாடியவர். நெஸ்டாவுக்கு அக்கா மகன் முறை. கெட்டவர் அல்ல, அவசரக்காரர். ஜனவரியில் தொடக்க விழா என்று தேதி குறித்துவிட்டு, 'என் குரல் என் உரிமை' என்று முதுகில் அச்சடித்த மஞ்சள் பனியன்களையும் வரவழைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் ஆய்வு நினைவுக்கு வந்தது.

"சின்னம்மா, சீக்கிரம் ஒரு ஆளப் புடிங்க. சும்மா ஒரு சடங்குதான்."

"சடங்குன்னா பாதிரியாரக் கூப்பிடு, டைரக்டர். என்னை ஏன் கூப்பிடற?"

நெஸ்டா பிடித்த ஆள் ரோஸ்லின் வாசுனி. இசபெல் தீவுக்காரி, ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் முடிப்பதற்குள் பாக்கு சிவந்துவிடும் அளவுக்கு நிதானம். பாக்கு மேசையில் நெஸ்டா எல்லாம் கேட்டு முடித்த பிறகு இன்னொன்றும் கேட்டார்: "போய்ப் பாத்து, ஆகாதுன்னு பட்டா என்ன பண்ணுவ?"

"ஆகாதுன்னு எழுதுவேன். உங்களுக்கு அது வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க அக்கா. எதுக்கு வீணா கப்பல் டிக்கெட்டு."

நெஸ்டா கையிலிருந்த பாக்கைப் பாதியாக வெட்டி அவளிடம் நீட்டினார். வேலை கொடுத்துவிட்டதற்கு அதுதான் அடையாளம்.

ரோஸ்லின் ஊர் ஊராகத் தங்கி, அந்தந்த வீட்டு மரவள்ளிக்கிழங்கைத் தின்று, திரும்பி வந்து எழுதிய அறிக்கை மெலிந்த அறிக்கை. அதில் ஒரு சிறுமியின் கதை இருந்தது, பெயரில்லாமல். முன்பு வேறொரு அமைப்பு வந்து தந்த பயிற்சியை நம்பி, சித்தப்பா அடித்துத் தன் கை முறிந்ததை அவள் ஊர் நடுவில் எழுந்து சொல்லியிருக்கிறாள். பெரியவர்கள் கூடினார்கள். முறைப்படி நஷ்டஈடு தீர்ந்தது: சிப்பிக்காசு மாலைகளும் ஒரு பன்றியும் சித்தப்பா கையிலிருந்து அப்பா கைக்கு மாறின. அண்ணன் தம்பிகள் சமாதானமானார்கள். பன்றியைச் சேர்ந்து தின்றார்கள். குடும்ப மானத்தைச் சந்திக்கு இழுத்தவள் என்று சிறுமியை வேறு தீவில் கொக்கோ தோட்டத்திலிருந்த உறவினரிடம் அனுப்பிவிட்டார்கள். பள்ளி அதோடு போயிற்று. ஓடி ஒதுங்க ஓர் இடம் என்றால் அந்தக் கரை முழுவதும் ஒன்றுமில்லை. ரோஸ்லின் இப்படி முடித்திருந்தாள்: 'புகாரை வாங்கிக்கொள்ள ஆளில்லாத இடத்தில் பிள்ளைகளுக்குப் புகார் சொல்லக் கற்றுக்கொடுப்பது அவர்களுக்கே ஆபத்து. இப்போதைக்கு இந்தத் திட்டம் ஆகாது.'

காஸ்பர் அதை நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்தார்.

"சின்னம்மா, அந்த ரோஸ்லின் பொண்ணுகிட்டச் சொல்லி 'ஆகாது'ங்கறத மட்டும் 'சவாலானது'ன்னு மாத்தச் சொல்லுங்க. வேற ஒண்ணும் தொட வேணாம்."

"மாத்தினா?"

"ஜனவரில ஆரம்பிச்சிடலாம். போகப்போகச் சரி பண்ணிக்கலாம்."

"அந்தக் கொக்கோ தோட்டத்துப் பொண்ணுக்கும் போகப்போகச் சரியாயிடும்னுதான் சொல்லியிருப்பாங்க."

"உங்க சம்பளமும் இதுலதான் வருது. நம்ம எல்லாரோடதும்தான்."

"தெரியும்பா. என் சின்னவ காலேஜுல இருக்கா, அதுவும் இதுலதான்."

அன்று எல்லோரும் போன பிறகும் நெஸ்டா மேசையைவிட்டு எழவில்லை. ஒரு தாளில் 'சவாலானது' என்று எழுதிப் பார்த்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. யாரையும் நோகடிக்காத, சம்பளம் கொடுக்கிற சொல். வாய்விட்டு இரண்டு தடவை சொல்லியும் பார்த்தார். மகளின் முகம் வந்தது; முகம் தெரியாத இன்னொரு பெண்ணும் வந்தாள். கடைசியில் வழக்கம்போலக் கை சிவப்புப் பேனாவுக்குப் போய் அந்தச் சொல்லை அடித்துவிட்டது. இத்தனை வருஷப் பழக்கம், பெரிய சொல்லைக் கண்டால் சும்மா இருக்காது.

அறிக்கையை நெஸ்டா ஒரு சொல்லும் மாற்றாமல் அனுப்பிவைத்தார். அடுத்த வாரம் ஜெர்மனிக்காரர்களோடு திரையில் பேச்சு. காஸ்பர் நல்ல சட்டை போட்டு வந்து 'சவால்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசினார். மறுமுனையில் ஹெல்கே என்ற நரைத்த அம்மாள் தலையாட்டிக்கொண்டே கேட்டார். காஸ்பர் மூச்சு வாங்க நிறுத்தியபோது நெஸ்டா குறுக்கிட்டார்.

"ஹெல்கேம்மா, கடைசிப் பக்கம் படிச்சீங்களா?"

"படிச்சேன், நெஸ்டா." அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "முடிவு எதுவா இருந்தாலும் ஏத்துக்கணும்னு எங்க விதியில இருக்கு. ஆனா 'ஆகாது'ன்னு வந்தா அடுத்து என்ன பண்ணணும்னு விதியில ஒண்ணுமே இல்ல. இதுவரைக்கும் யாரும் அப்படி அனுப்பினதே இல்ல."

பிறகு இணைப்பு அறுந்தது. மழைக்காலத்தில் அது சகஜம்தான் என்றாலும், காஸ்பர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்.

திட்டம் நின்றது. ஆய்வுக்குப் பெரிய பேர். நேர்மையான ஆய்வு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு எடுத்துக்காட்டாக, பக்கத்து நாட்டுத் தலைநகர் சுவாவில் ஒரு நட்சத்திர ஓட்டலில் நடந்த பயிலரங்கில் அதைப் பாடமாகவே வைத்தார்கள். ஆய்வை எழுதியவளுக்கும் எழுத வைத்தவருக்கும் அழைப்பு போகவில்லை. பனியன்கள் ஒரு கால்பந்துக் குழுவுக்குப் போயின. 'என் குரல் என் உரிமை' என்று முதுகில் சுமந்துகொண்டு அந்தக் குழு இன்றுவரை எல்லா ஆட்டத்திலும் தோற்கிறது. அலுவலகத்தில் ஆள் குறைத்தார்கள், நெஸ்டாவையும் சேர்த்து. மகள் ஒரு வருஷம் படிப்பை நிறுத்திவைத்தாள். அந்த வருஷம் முழுவதும் அம்மாவோடு அவள் அதிகம் பேசவில்லை. நெஸ்டாவும் விளக்கம் சொல்லப் போகவில்லை.

பெரிய சந்தையில் தங்கையோடு மரவள்ளிப் புட்டு விற்றுக்கொண்டிருந்தபோதுதான் காஸ்பர் தேடி வந்தார். மீன்காரிகளுக்கு நடுவில் சட்டையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார்.

"சின்னம்மா, ஹெல்கே எழுதியிருக்காங்க. முதல்ல பிள்ளைங்க ஒதுங்க ஒரு இடம், குழுவெல்லாம் அப்புறம்னு. மலைட்டாவுல, ஆவுக்கில ரெண்டு ரூமு, ஒரு நர்ஸு, ஒரு படகு. அது ஆகுமான்னு பாக்கணுமாம். பணி வரையறை எழுதணும்."

"வேலையா போட்டுத் தர்றியா?"

"நாள் கூலிதான்."

"புட்டு வாங்கு முதல்ல."

காஸ்பர் வாங்கினார். தங்கை இலையில் சுற்றிக் கொடுக்கும்போது, "ரெண்டா வாங்குங்க டைரக்டர், ஒண்ணு சவாலானது" என்றாள். வீட்டில் எல்லாம் பேசப்பட்டிருந்தது தெரிந்து காஸ்பர் தலையைக் குனிந்துகொண்டார்.

இந்தத் தடவையும் பேனா 'வலுவூட்ட'லில் தொடங்கிக் கீழே இறங்கியது. ரோஸ்லினோடு கப்பலில் நெஸ்டாவும் போனார். யாரும் போகச் சொல்லவில்லை. ஆகுமா என்று கேட்க இவர்கள் ஆவுக்கியில் இறங்கியபோது, தேவாலயத்து ஆண்கள் சங்கம் உற்சாகத்தில் இரண்டு அறைகளையும் கட்டி நீலச் சாயமும் பூசி முடித்திருந்தது. முன்னின்று கட்டியவர், பாதிரியாருக்குத் துணையான டீக்கன். பருத்த கைகள், வெள்ளைச் சட்டை, நல்ல மனிதர்.

"எல்லாம் பத்திரமா இருக்கு, அம்மா. இந்தத் தாப்பாளப் பாருங்க, இரும்பு. ஒரு தடவ போட்டுட்டா பிள்ளை ஓடிப்போக முடியாது."

தாழ்ப்பாள் கதவின் வெளிப்பக்கம் இருந்தது. ரோஸ்லின் தன் நிதானத்தில் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினாள். நெஸ்டா அதற்குக் காத்திருக்கவில்லை.

"ஸ்குரூ டிரைவர் இருக்கா?"

டீக்கன் ஓடிப்போய்க் கொண்டுவந்தார். நெஸ்டா வாசற்படியில் மண்டியிட்டுத் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி உதட்டில் கவ்விக்கொண்டார். தாழ்ப்பாளைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. உள்ளேயிருந்து மரத்தில் இரும்பு ஏறும் சத்தம் வெகுநேரம் வந்தது. வெளியே டீக்கன் ரோஸ்லினைப் பார்த்தார். ரோஸ்லின் நீலச் சாயத்தைப் பார்த்தாள். சத்தம் நின்றதும் டீக்கன் கதவைத் தள்ளினார். திறக்கவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினார்.

"தட்டுங்க" என்றது உள்ளேயிருந்து குரல்.