எண்ணெய்க்கட்டியும் தையல் மெஷினும்

குளோரின் மணத்துக்கு அடியிலிருந்து தேங்காயெண்ணெய் மணம் எழும்பி வரும்போதெல்லாம், அது எந்த ஊர் நீச்சல்குளமாக இருந்தாலும், எனக்கு ஒன்பது வயதாகிவிடுகிறது. குதிக்கால்கள் ஈர ஓடுகளில் வழுக்குகின்றன, விசில் ஒன்று கூரையில் மோதித் திரும்புகிறது, குளத்தின் ஓரக்கம்பியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு நான் நிற்கிறேன், விடவே மாட்டேன் என்று நிற்கிறேன்.

நாங்கள் ஜெர்மனிக்கு, வுப்பர்டால் நகரத்துக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அப்பா எங்களுக்கு முன்பே வந்து, ஓர் உணவகத்தின் பின்கட்டில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் நீச்சல் பழக வேண்டும் என்று பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தபோது, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு அதை எழுத்துக்கூட்டி வாசித்த அம்மாவின் கண்ணில் தங்கியது ஒரே ஒரு சொல்தான்: வெள்ளிக்கிழமை. வெள்ளி என்றால் எங்கள் வீட்டில் "முழுக்கு". முழுக்கு என்றால் உச்சியில் எண்ணெய். இந்த நாட்டுக்காரருக்கும் வெள்ளி முழுக்கு இருக்கிறதே என்று அம்மாவுக்கு ஒரு சந்தோஷம், பல நாளைக்குப் பிறகு வந்த சந்தோஷம்.

ஜெர்மனியில் தேங்காயெண்ணெய் ஓடாது. போத்தலுக்குள் வெள்ளை மெழுகாய் உறைந்து கிடக்கும். வெள்ளி விடிந்ததும் அம்மா அந்தப் போத்தலை ஜன்னலுக்குக் கீழேயிருந்த "ஹைசுங்" மேல், சுடுநீர் ஓடும் அந்த இரும்புச் சூடாக்கியின் மேல் ஏற்றிவைப்பார். நான் தேநீர் குடித்து முடிப்பதற்குள் எண்ணெய் பாதி இளகிப் பாதி கட்டியாய்க் கிடக்கும். இளகியதையும் கட்டியையும் சேர்த்து அள்ளி என் தலையில் வைத்துப் பரபரவென்று தேய்ப்பார். அதன் மேல் றப்பர் தொப்பி. எண்ணெய் வழியாது என்று தொப்பியை நம்பினோம். தொப்பி எங்களை ஏமாற்றியது.

ஐந்தாவது வெள்ளியென்று நினைக்கிறேன். என்னைச் சுற்றித் தண்ணீரின் தோலில் ஒரு வானவில் விரிந்தது, ஊதாவும் பச்சையுமாக, நான் அசைய அசைய அதுவும் அசைந்தது. எங்கள் வகுப்பு ஸ்வென் மூக்கைத் தூக்கி, "யாரோ உருளைக்கிழங்கு பொரிக்கிறாங்கள்" என்றான். பிள்ளைகள் சிரித்தார்கள். நீச்சல் பழக்கும் ஹெர் ப்ரூன்ஸ், மீசையும் வெள்ளைக் காற்சட்டையுமாய் இருப்பவர், விசிலை நீளமாக ஊதினார். எல்லோரும் வெளியே. நான் மட்டும் கம்பியை விடவில்லை. அவர் குந்தியிருந்து என் தொப்பியின் ஓரத்தை ஒரு விரலால் தொட்டு, அந்த விரலை மணந்து பார்த்து, "சலாட்டுக்கு எண்ணெய் சரி, குளத்துக்குச் சரிவராது" என்றார். குரலில் கோபமில்லை. ஆனால் ஒரு துண்டுக் கடிதம் எழுதி என் பையில் வைத்துவிட்டார்.

எண்ணெய் ஒரு கேலிக்குத்தான் ஆளாக்கியது. என் உண்மையான சங்கடம் வேறு. ஐந்து வாரமாக நான் காலைத் தரையிலிருந்து தூக்கவில்லை. மூச்சை நிறைய இழுத்து, முகத்தைத் தண்ணீரில் வைத்து, பேசாமல் கிட, தண்ணீர் உன்னைத் தூக்கும் என்று ஹெர் ப்ரூன்ஸ் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். மற்றப் பிள்ளைகள் கட்டைகளைப் போலக் கிடந்தார்கள். என்னைத் தூக்காது என்பது எனக்குத் தெரியும். ஏனென்றால் நான் பாரம். நான் பாரம் என்பதற்கு என்னிடம் ஒரு சாட்சி இருந்தது, அது கடலுக்கு அடியில் கிடந்தது.

ஆறு வயதில், ஊரில் நடந்த சண்டைக்குத் தப்பி, அம்மாவோடு ஒரு வள்ளத்தில் கடல்நீரேரி கடந்து வந்தவள் நான். தண்ணீர் விளிம்புக்கு நாலு விரல் கீழே நின்றது. "பாரம் கூடிப்போச்சு, எதையாவது இறக்குங்கோ" என்று ஓட்டி எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார். அம்மாவின் மடியில் நான். காலடியில் அவருடைய தையல் மெஷின், சாக்கில் கட்டியது. அம்மா ஒரு கையால் என்னை இறுக்கிக்கொண்டு மற்றக் கையாலும் காலாலுமாய் மெஷினை விளிம்புக்கு மேலால் தள்ளிவிட்டார். ஒரு குமிழிகூட மிஞ்சவில்லை. அதற்குப் பிறகு அதைப் பற்றி வீட்டில் யாரும் கதைக்கவில்லை. கதைக்காததை ஒரு பிள்ளை தானே கதைத்து முடிக்கும். நான் முடித்துவைத்திருந்தேன்: இரண்டு பாரத்தில் ஒன்று போக வேண்டியிருந்தது, எனக்குப் பதிலாக அது போனது, தண்ணீருக்கு நான் இன்னும் கடன்.

அன்று பின்னேரம் கடிதத்தை வாசித்ததும் அம்மாவுக்குச் சினம் வந்தது. "எண்ணெய் வைக்காமல் தண்ணிக்குள்ள இறங்கினா சூடெல்லோ பிடிக்கும். உந்த ஆக்களுக்கு ஒண்டும் தெரியாது" என்றபடி என்னைக் குளியலறைக்கு இழுத்துப்போய், வாளியில் வெந்நீர் நிறைத்து, குளத்தில் முடியாமல் போன முழுக்கை வீட்டில் முடித்துவைக்க ஆயத்தமானார். போத்தலிலிருந்து கரண்டியால் கிண்டி எடுத்த எண்ணெய்க்கட்டி ஒன்று, என் கைமுட்டி அளவு இருக்கும், கை தவறி வாளிக்குள் விழுந்தது. அதைப் பிடிக்கக் குனிந்தபோது அம்மாவின் கொண்டை ஊசியும் விழுந்தது.

கட்டி மிதந்தது. ஊசி நேராக அடிக்குப் போனது.

இரண்டையும் எடுத்து இரண்டு கையிலும் வைத்துப் பார்த்தேன். கட்டி உள்ளங்கையைக் கீழே அழுத்தியது. ஊசி இருப்பதே தெரியவில்லை. திரும்பப் போட்டேன். கட்டி மிதந்தது, ஊசி தாழ்ந்தது. பாரம் கூடியது மேலே, குறைந்தது கீழே. வெந்நீரில் கட்டியின் ஓரங்கள் உருகத் தொடங்கின, உருகியதும் மேலேயே நின்றது.

"ஏனம்மா ஊசி தாழுது?"

"அது இரும்பெல்லோ. இறுகின சாமான். எண்ணெய் எவ்வளவு போட்டாலும் மேலதான் நிக்கும். இதென்ன கேள்வி."

"அப்ப பாரமெண்டா தாழும் எண்டில்லையோ?"

"தலையைக் குனி பிள்ளை."

நான் குனிந்தேன். குனிந்துகொண்டே, அம்மாவின் முகத்தைப் பார்க்கத் தேவையில்லாத அந்தத் தைரியத்தில், சொல்லிவிட்டேன்: "என்னாலதானே உங்கட மெஷின் போனது. நான் பாரமெண்டபடியால்."

என் தலையில் இருந்த விரல்கள் நின்றன. பிறகு அம்மா சிரிக்கத் தொடங்கினார், நான் நிமிர்ந்து பார்த்தேன். இந்த நாட்டுக்கு வந்து அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

"விசரி. நீ அப்ப ஈர்க்குக்குச்சி மாதிரி. அந்தச் சனியன் மெஷின் ஒரு முழம் தைக்க முன்னம் மூண்டு தரம் நூலை அறுக்கும். உன்ர மாமி தந்ததெண்டபடியால் ஒருத்தருக்கும் குறை சொல்லவும் ஏலாது, எறியவும் ஏலாது. வள்ளக்காரர் இறக்கச் சொன்னதும் எனக்கு உள்ளுக்குள்ள எவ்வளவு நிம்மதி தெரியுமே. உன்னைச் சாட்டி அதைத் தொலைச்சன்."

நூல் அறுந்ததெல்லாம் உண்மையா, அந்த நிமிடத்தில் பிறந்த கதையா, இன்றுவரை நான் கேட்கவில்லை. கேட்காமலே நம்புகிறேன். ஏதோ ஒன்று என் தோளிலிருந்து இறங்கி வாளிக்குள் விழுந்து அடிக்குப் போனது. இறுகின சாமான்.

அடுத்த வெள்ளி எண்ணெய் இல்லாத தலையோடு போனேன். மூச்சை இழுத்தேன். கம்பியிலிருந்து ஒரு விரல், இன்னொரு விரல், பிறகு எல்லாம். கொஞ்சம் தாழ்ந்தேன், அந்தக் கொஞ்சத்துக்குள் ஒரு நீரேரி முழுவதும் இருந்தது. பிறகு யாரோ கீழேயிருந்து பெரிய உள்ளங்கை ஒன்றை வைத்தது போல மேலே வந்தேன். நெஞ்சு நிறையக் காற்றை வைத்திருந்த ஒரு வெறும் கட்டி நான். ஹெர் ப்ரூன்ஸ் விசில் ஊதவில்லை, ஸ்வென்னைப் பார்த்து வாயில் விரலை வைத்தார்.

கோடை பிறக்க முன், நீச்சல் பழகி முடித்த பிள்ளைகளுக்குக் கொடுக்கும் கடற்குதிரை படம் போட்ட துணிச் சின்னத்துக்காக, தோளளவு தண்ணீரின் அடியில் கிடந்த வளையத்தை எடுக்கப் போனேன். தோளளவு போதவில்லை, ஆசை வந்து ஆழமான பக்கத்திலும் போய்ப் பார்த்தேன். காது இரண்டும் குத்தின. தண்ணீருக்கு என்மேல் கோபமாக்கும் என்று மேலே ஓடிவந்தேன். எட்டாம் வகுப்பில்தான் விளங்கியது: தண்ணீருக்கு என்னோடு ஒரு கோபமுமில்லை, எனக்கு மேலே நிற்கிற தண்ணீரின் பாரம்தான் காதை அழுத்துகிறது, ஆழம் கூடக் கூட அது கூடும். ஆழம் கூட அழுத்தம் கூடுவதால்தான், தாழ்கிற உடம்பை மேலேயிருந்து அமத்துகிற தண்ணீரைவிடக் கீழேயிருந்து தள்ளுகிற தண்ணீருக்குப் பலம் ஒரு பிடி கூட. அந்த ஒரு பிடிதான் அந்த உள்ளங்கை. காதைக் குத்தியதும் என்னைத் தூக்கியதும் ஒன்றே. "நாங்கள் அதை அமுக்கம் எண்டு படிச்சனாங்கள்" என்றார் அப்பா, என் புத்தகத்தை எட்டிப் பார்த்து. அளவு ஒன்றாயிருந்தும் இரும்புக்குள் பாரம் கூடவும் எண்ணெய்க்குள் குறையவும் அடைபட்டிருப்பதற்குப் பெயர் அடர்த்தி என்றும் சொன்னார். மெஷினும் வள்ளத்தின் காற்று நிறைந்த வயிற்றுக்குள் இருந்தவரை மிதந்துதான் வந்தது என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

அந்தக் குளம் இப்போது இல்லை. அந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். அம்மா இருக்கும் புது வீட்டில் சூடு தரைக்கடியில் ஓடுகிறது, ஜன்னலுக்குக் கீழே போத்தல் ஏற்றிவைக்க ஹைசுங் இல்லை. முழங்கால் நோவுக்கென்று வைத்தியர் தண்ணீர்ப் பயிற்சி எழுதிக்கொடுத்ததில் இருந்து, அம்மாவை வெள்ளிக்கிழமைகளில் நான்தான் கூட்டிப்போகிறேன். முதல் நாள், எழுபதை நெருங்கும் அம்மா, முழங்கால்வரை மூடிய நீச்சலுடையோடு படியில் நின்று, இரண்டு கையாலும் ஓரக்கம்பியைப் பிடித்தார். விடவில்லை. மற்றக் கிழவிகள் கைகளை வீசிக்கொண்டு நடுவுக்குப் போய்விட்டார்கள். நான் கிட்டப் போனதும் அந்த மணம் வந்தது. காதுக்குப் பின்னால், யாரும் காணாத அளவுக்கு ஒரு துளி வைத்திருக்கிறார்.

"மூச்சை இழுங்கோ அம்மா" என்றேன். "விடுங்கோ. தூக்கும்."

அவர் என்னைப் பார்த்தார். நூல் அறுக்கும் மெஷினைப் பற்றிச் சொன்ன அதே முகம்.

ஒரு விரல். இன்னொரு விரல்.

பிறகு, தண்ணீரின் மேல் மல்லாந்து, வெள்ளைத் தலைமுடியின் ஓரத்தில் நாணயமளவு வானவில் ஒன்று விரிய, கூரையைப் பார்த்துச் சொன்னார்: "பிள்ளை, நான் எனக்குப் பாரமாயே இல்லை."