மூன்றரை அங்குல இடைவெளியில் ஐந்து பட்டன்கள்

"எல்லா பட்டனையும் அளந்துதான் வெச்சிருக்கேன். ஒரு நூல்கூட முன்னப்பின்ன இல்ல. அப்புறம் ஏம்மா பாட்டு மட்டும் கோணலா வருது?"

இப்படிக் கேட்டவர் என் சித்தப்பா. நான் பள்ளிப் படிப்பை முடித்து மூன்று மாதம் ஆகியிருந்தது. கணக்கில் நல்ல மதிப்பெண்தான். ஆனால் இந்தக் கேள்வி எந்தப் பாடத்தில் வருகிறது என்றே பிடிபடவில்லை.

சித்தப்பா தையல்காரர். ஆண்களுக்கான சட்டை மட்டும் தைப்பார். யாராவது பேன்ட் துணியை நீட்டினால், "இடுப்போட என் எல்லை முடிஞ்சுது" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். வீட்டின் முன்னறைதான் கடை. அங்கே தையல் மெஷினுக்கு நூல் சுற்றும் பாபின்கள் போட்டுவைக்க ஒரு மரப்பெட்டி இருந்தது. வாடிக்கையாளர் ஒருவர் கொடுத்த காலி சுருட்டுப் பெட்டி. அப்படிப்பட்ட பெட்டியில் ஒரு ஆள் கிட்டார் செய்வதைச் சித்தப்பா போனில் பார்த்தார். அன்று மாலையே பாபின்கள் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குக் குடிபோய்விட்டன.

பெட்டிக்குள் ஒரு கட்டையைச் செருகி, மூன்று கம்பி கட்டினார். கடைக் கிட்டாரில் கட்டையின் குறுக்கே சின்னச் சின்ன உலோகக் கம்பிகள் பதித்திருக்கும் அல்லவா, அதற்கு ஃபிரெட் என்று பெயர். அதைப் பதிக்க ரம்பம் வேண்டும். சித்தப்பாவுக்குக் கத்திரிக்கோல் தவிர எந்தக் கருவி மேலும் நம்பிக்கை இல்லை. அதனால் ஃபிரெட் இல்லாத கிட்டார். விரலில் ஒரு கண்ணாடிக் குப்பியை மாட்டி, கம்பியின் மேல் நழுவவிட்டு வாசிக்க வேண்டும். குப்பி எங்கே நிற்க வேண்டும் என்று காட்ட ஐந்து இடத்தில் அடையாளம் வைத்தால் போதும் என்று போன் ஆள் சொல்லியிருந்தார்.

அடையாளம் என்றதும் சித்தப்பா சிப்பி பட்டன்களை எடுத்தார். கட்டையில் ஊசித் துளை போட்டு, நான்கு ஓட்டையிலும் நூல் கோத்து, ஐந்தையும் தைத்தே விட்டார். முப்பது வருடமாகச் சட்டையில் என்ன இடைவெளியோ அதே இடைவெளி. மூன்றரை அங்குலம். கம்பி தொடங்கும் இடத்திலிருந்து முதல் பட்டனுக்கும் அதே அளவு.

பார்க்க ராஜா மாதிரி இருந்தது. வாசித்தால்தான் வினை. முதல் பட்டனில் சுரம் தேன் மாதிரி வரும். இரண்டாவதில் யாரோ காலை மிதித்த மாதிரி அலறும்.

இது பொழுதுபோக்கோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சித்தி மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை பார்த்தார். வெள்ளிக்கிழமை ஓய்வு பெறுகிறார். அங்கே பெட்ஷீட்களைப் பார்த்துக்கொள்வதால் எல்லாருக்கும் 'பெட்ஷீட் அக்கா'வாகிவிட்ட ஒருவர் போனில், "விழாவுல உங்க வீட்டுக்காரர் ரெண்டு வார்த்தை பேசுவாரா?" என்று கேட்டிருக்கிறார். பக்கத்தில் இருந்த சித்தப்பா, "பேச்சு எதுக்கு? ஒரு பாட்டே வாசிக்கிறேன்!" என்று குரல் கொடுத்துவிட்டார்.

சித்தி போனை வைத்துவிட்டுச் சொன்னார்: "இருபத்தேழு வருஷம், யார்கிட்டயும் ஒரு சொல் வாங்கினதில்ல. கடைசி நாள்ல என் மானத்தை வாங்கிடாதீங்க."

"வாக்கு குடுத்துட்டேனே!"

"சரி. புதன்கிழமை எனக்கு வாசிச்சுக் காட்டுங்க. கேக்கற மாதிரி இருந்தா மேடைக்கு வாங்க. இல்லன்னா முன் வரிசையில உக்காந்து கை தட்டுங்க. அதுக்கும் தாளம் வேணும், பாத்துக்கங்க."

அன்று திங்கட்கிழமை.

மறுநாள் காலையில் நானும் சித்தப்பாவும் இசைக்கருவிக் கடைக்குப் போனோம். சித்தப்பா கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து, மாட்டியிருந்த ஒரு கிட்டாரை அளக்க ஆரம்பித்தார்.

கடைக்காரர் எழுந்து வந்தார். "என்ன சார், அதுக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?"

சித்தப்பா திரும்பவில்லை. மூன்று இடத்தில் அளந்தார். மறுபடி அளந்தார். பிறகு என் காதில், "ஏம்மா, இதைச் செஞ்சவனுக்கு அளவே தெரியல. மேல அகலமா விட்டிருக்கான். கீழ வர வர நெருக்கிட்டான். துணி பத்தலையோ என்னவோ" என்றார்.

கடைக்காரர் காதிலும் அது விழுந்துவிட்டது. "சார், எல்லா கிட்டாரும் அப்படித்தான். கம்பி நீளம் குறையக் குறைய இடைவெளியும் குறையணும். சமமா வெச்சா சுருதி சேராது."

சித்தப்பா சுவரில் இருந்த எல்லா கிட்டாரையும் வரிசையாகப் பார்த்தார். ஒன்றாவது தன் கட்சிக்கு வருமா என்று தேடியிருக்க வேண்டும். ஒன்றும் வரவில்லை. "சட்டைக் கை மாதிரி" என்றார் மெதுவாக. "தோள்ல அகலம், மணிக்கட்டுல ஒடுக்கம். அதை முதல்லயே சொல்லியிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்குமே!"

யார் சொல்லியிருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த சிக்கல். கடைக் கிட்டாரின் கம்பி இருபத்தைந்தரை அங்குலம். எங்களுடையது இருபத்திரண்டு. அங்கே எடுத்த அளவை இங்கே அப்படியே வைக்க முடியாது. நான் அவசரமாக விகிதக் கணக்குப் போட்டு, "ரெண்டாவது பட்டன் அஞ்சு புள்ளி அஞ்சு ஒண்ணு எட்டு" என்று பெருமையாகச் சொன்னேன்.

"புள்ளிக்கு அப்புறம் வர்றதெல்லாம் என் டேப்புல எங்கம்மா இருக்கு?"

சித்தப்பா சட்டைப் பையில் கைவிட்டு ஒரு துண்டு இலாஸ்டிக்கை எடுத்தார். அரைக்கால் சட்டை இடுப்பில் போடுகிற சாதாரண வெள்ளை இலாஸ்டிக். இடுப்போடு எல்லை முடிகிறவரின் பையில் அது எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "பிடி" என்றார்.

கடைக் கிட்டாரில் கம்பி தொடங்கும் இடத்தில் ஒரு முனையை நான் அழுத்திக்கொண்டேன். மறுமுனையைக் கம்பி முடியும் இடம்வரை அவர் இழுத்துப் பிடித்தார். கடைக்காரர் தானாகவே பேனாவோடு குனிந்தார். "கட்டையில பதிச்சிருக்கற இந்த அஞ்சு இடத்துப் புள்ளியில குறிக்கக் கூடாது சார். புள்ளி சும்மா கண்ணுக்கு. அதை ஒட்டி கிட்டார் உடம்புப் பக்கமா இருக்கற ஃபிரெட்டுலதான் குறிக்கணும்" என்று சொல்லி நான்கு கோடு போட்டார். ஐந்தாவதைப் போட்டு முடித்த கணத்தில் என் விரல் வழுக்கியது. இலாஸ்டிக் பறந்து போய் அவருடைய மூக்குக் கண்ணாடியைத் தட்டிவிட்டது.

"கோடு கலையலையே?" என்று சித்தப்பா பதறினார்.

"என் கண்ணு நல்லாத்தான் இருக்கு, கேட்டதுக்கு நன்றி" என்றார் கடைக்காரர்.

வீட்டுக்கு வந்து அதே இலாஸ்டிக்கை எங்கள் கட்டையின் மேல் இருபத்திரண்டு அங்குலத்துக்கு மட்டும் இழுத்துப் பிடித்தோம். இலாஸ்டிக் சுருங்கிய அளவுக்குக் கோடுகளும் தாமாகவே நெருங்கி வந்திருந்தன. கடைசிக் கோடு கம்பியின் சரிபாதியில் நின்றது. முதல் கோடு எங்கே நின்றது தெரியுமா? ஏற்கெனவே தைத்திருந்த முதல் பட்டனின் மேல்.

"பாத்தியா!" சித்தப்பா துள்ளினார். "அஞ்சுல ஒண்ணு அப்பவே கரெக்ட்டு! இதைத்தான் கைப்பழக்கம்னு சொல்றது."

மற்ற நான்கையும் பிரித்து மாற்றித் தைத்தார். புதன்கிழமை சித்தி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே கேட்டார். பாட்டு முடிந்தது. இன்னும் இரண்டு துண்டுகளை மடித்தார். "கீழே போட்டுடாம எடுத்துட்டு வாங்க" என்றார். அவ்வளவுதான். சித்தப்பா சமையலறைக்குப் போய் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார்.

வெள்ளிக்கிழமை சலவைப் பிரிவின் பெரிய மெஷின்களை நிறுத்திவிட்டு நடுவில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். சித்தப்பா நன்றாகவே தொடங்கினார். முதல் அடி, இரண்டாம் அடி.  ஆனால் கடைசி அடியில் குரல் உச்சிக்குப் போகிற பாட்டு அது. ஐந்தாவது பட்டனையும் தாண்டி மேலே போக வேண்டும். அங்கே பட்டன் கிடையாது. வீட்டில் எப்படியோ சமாளித்தவர் இங்கே எல்லார் முன்னாலும் தேடினார். குப்பி கம்பியின் மேல் பூனை மாதிரி கத்திக்கொண்டே அலைந்தது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

முன்வரிசையில் சித்தி கண்ணை மூடிக்கொண்டார். போச்சு என்று நினைத்தேன்.

கண்ணைத் திறந்தவர், லாரியைப் பின்னால் எடுக்கச் சொல்பவர் மாதிரி கையை ஆட்டினார். "மேல போங்க... இன்னும்... இன்னும் கொஞ்சம்... ஐயோ தாண்டிட்டீங்க, பின்னாடி வாங்க... அங்கதான்! நிறுத்துங்க!"

சுரம் பிடிபட்டது. சித்தப்பா அதை விடவே இல்லை. கை வலிக்கும் வரை அதே இடத்தில் நின்றார். பெட்ஷீட் அக்காதான் முதலில் எழுந்து கைதட்டினார்.

திரும்பும் வழியில் சித்தப்பா, "மானம் போச்சா?" என்று கேட்டார்.

"பாதி உங்களுது, பாதி என்னுது. சேத்துப் பாத்தா முழுசா இருக்கு. நடங்க" என்றார் சித்தி.

அதற்குப் பிறகு மூன்று பேர் சித்தப்பாவிடம் கிட்டார் அளவு கேட்டு வந்தார்கள். மூன்று பேரின் கட்டையும் மூன்று நீளம். அப்படியிருந்தும் எங்கள் அளவையே எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள் வீடுகளில் இப்போது என்ன சத்தம் கேட்கிறதோ! அவர்கள் முகவரி எங்களிடம் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். பழைய பெட்டியில் கம்பி கட்டிக்கொண்டு அக்கம்பக்கத்தின் தூக்கத்தைக் கெடுக்கிற யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், இந்தக் கதையை அவரிடம் கொடுங்கள். அவர் படிக்கவில்லை என்றால் அவர் வீட்டில் யாரிடமாவது கொடுங்கள். அவர்கள் கட்டாயம் படித்துக் காட்டுவார்கள்.