கால்சியம் இருக்கு, மெக்னீசியம் இருக்கு

மினரல் வாட்டர் பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, லேபிளைக் கடைசி வரி வரைக்கும் உரக்க வாசித்துவிட்டுத்தான் மூடியைத் திருகுவார். "கால்சியம் இருக்கு, மெக்னீசியம் இருக்கு, பைகார்பனேட் இருக்கு." வாத்தியார் ஆஜர் எடுப்பது போல ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எல்லோரும் வந்தாயிற்று என்று தெரிந்த பிறகுதான் ஒரு மடக்கு. நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் போச்சு, மறுபடியும் கால்சியத்திலிருந்து.

மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். தெருவுக்கே இப்போது அவர் 'மினரல்'. அதில் அவருக்குக் கோபமில்லை, பெருமைதான். கடையில் ஒரு நாற்காலி, எதிர்ச் சுவரில் பெரிதிலிருந்து சிறிதாக இறங்கும் எழுத்துப் பலகை, மேஜைமேல் எறும்புத் தலை அளவுத் திருகாணிகள் கிடக்கும் தட்டு. அந்தத் திருகாணியைத் திருப்புளி நுனியில் ஏற்றி, மூச்சை அடக்கி, பிரேமுக்குள் இறக்குகிற கை அவருடையது. அந்தக் கையை நம்பித்தான் அடுத்த தெருவிலிருந்தும் வருகிறார்கள்.

சர்க்கரை வந்து நாலு வருஷம். இந்த வருஷம் கிளினிக்கில் கொடுத்த துண்டுத்தாளில் 'நீரிழிவு' என்ற வார்த்தையைப் பார்த்தார், ஞானம் பிறந்துவிட்டது.

"பேர்லயே வைத்தியம் இருக்குய்யா! நீர் இழிஞ்சு போகுது. போறது சும்மாவா போகுது? சத்தையும் இழுத்துக்கிட்டுப் போகுது. அப்ப சத்துள்ள நீரா ஊத்தணும். இதைச் சொல்ல ஒரு டாக்டர் வேணுமா?"

அதுவரை நாளுக்கு நாலு பாட்டில் கலர் சோடா குடித்துக்கொண்டிருந்த மனிதர். சோடா இருந்த இடத்தில் மினரல் வந்து உட்கார்ந்தது. சுகரும் கொஞ்சம் இறங்கியது. "சோடாவை விட்டீங்கல்ல, அதான் குறைஞ்சிருக்கு. தண்ணி தாராளமா குடிங்க. ஆனா மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க" என்றார் டாக்டரம்மா. அவர் காதில் 'தாராளமா குடிங்க' வரைக்கும்தான் விழுந்தது. வீட்டுக்குக் கூடப் போகவில்லை. நேரே கடைக்கு வந்து, மாத்திரை அட்டையைப் பழைய கண்ணாடிக் கூடொன்றில் படுக்கவைத்து, டப்பென்று மூடி, கீழ் இழுப்பறையில் தள்ளிவிட்டார்.

அன்றிலிருந்து பல் விளக்கி வாய் கொப்பளிக்கவும் மினரல்தான்.

"குழாய்த் தண்ணில என்ன இருக்கு? வெறும் தண்ணி!"

"அதைக் குடிச்சுத்தான் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன்" என்பாள் மனைவி.

"உனக்கென்ன, உனக்கு நீர் இழியலையே!"

இழிந்தது என்னவோ அவர் கண்பார்வை. இரண்டு மாதத்தில் தன் கண்ணாடிக்கு மூன்று தடவை பவர் மாற்றினார். ஊரார் கண்ணுக்கு இரண்டு வருஷம் தாங்குகிற லென்ஸ், அவர் கண்ணுக்கு இருபது நாள் தாங்கவில்லை. முதலில் லென்ஸ் செய்தவனைத் திட்டினார், அப்புறம் துடைக்கிற துணியை, அப்புறம் விளக்கை. திருகாணிகள் கைநழுவித் தரையில் உருளத் தொடங்கியதும், "இப்பல்லாம் ரொம்பச் சின்னதா செய்யறானுங்க" என்றார். உள்ளுக்குள் பயம்தான். கண் போனால் கடை போகும், கடை போனால் அவர் யார்? அந்தப் பயத்தின் தலையிலும் ஒரு பாட்டிலை ஊற்றினார்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம். சோதனை நாற்காலியில் ஒரு டீச்சர், புதுப் பிரேமை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவி சாப்பாட்டுப் பையோடு வந்து, குளிரக் குளிர ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். இவர் வாங்கி, ஜன்னல் பக்கம் தூக்கினார்.

"கால்சியம் இருக்கு, மெக்னீசியம் இருக்கு..."

"என்னங்க, எதை வாசிக்கிறீங்க?"

"லேபிளைத்தான். வேற எதை வாசிப்பாங்க?"

"எந்த லேபிளை?"

"ஏன், உனக்குக் கண்ணு தெரியலையா? டீச்சர் முடிச்சதும் நீயும் வந்து உக்காரு, டெஸ்ட் பண்ணிடுவோம்."

அவள் பைக்குள் கையை விட்டாள். அடியில் ஈரத்தோடு சுருண்டு ஒட்டிக்கிடந்த காகிதத்தை உரித்தெடுத்து, மேஜைமேல் நீவி வைத்தாள்.

"உங்க கால்சியம் இங்க கிடக்கு. மொட்டைப் பாட்டிலைப் பிடிச்சுக்கிட்டுப் பாடம் ஒப்பிக்கிறீங்களே!"

பாட்டிலின் வயிற்றைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பிசினின் பிசுபிசுப்பு மட்டும்தான் தட்டுப்பட்டது.

டீச்சர் எழுந்தார். "நான் இன்னொரு நாள் வரேன் சார்." பிரேமையும் கையோடு எடுத்துக்கொண்டார்.

"இப்பல்லாம் பசை சரியில்ல" என்றார் அவர், சாத்திய கதவைப் பார்த்து. எழுத்துப் பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதை வாசிக்க அவருக்குக் கண் வேண்டியதில்லை, முப்பது வருஷ மனப்பாடம். அது நினைவுக்கு வந்ததும் முகம் தொங்கிப்போனது.

"சாயங்காலம் டாக்டரம்மாகிட்டப் போறோம். நானும் வரேன்" என்றாள் மனைவி.

"போகலாம், போகலாம். ஆனா ஒண்ணு, தண்ணியை நிறுத்த மாட்டேன்."

"யாரு நிறுத்தச் சொன்னா? குடம் குடமா குடிங்க."

கீழ் இழுப்பறையைத் திறந்து, கண்ணாடிக் கூட்டைத் துழாவி எடுத்தார். அவள் மூலையிலிருந்த குழாயைத் திருகி, எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் பிடித்து நீட்டினாள். இவர் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டார். மாத்திரையை நாக்கில் வைத்தார். வைத்துவிட்டு, உதடு தானாக அசைய, அந்த எவர்சில்வர் டம்ளரை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.